பிதுக்கினாலும் திரும்பி வரும் கட்டிகள்: பை போனதா, உள்ளேயே இருக்கிறதா?

#1 தையல்நூல்

பக்கத்து இழையில் "கொழுப்புக் கட்டியைக் கீறி எடுத்தாச்சு, ஆறே மாசத்துல அதே இடத்துல வந்துடுச்சு, கேன்சரா இருக்குமோ?" என்று ஒரு கேள்வி கிடக்கிறது. பதில் நீளும் என்பதால் தனி இழை.

முதலில் பெயர்க் குழப்பம். கொழுப்புக் கட்டி என்று நம் ஊரில் சொல்வது இரண்டு வேறு வேறு சரக்கு. ஒன்று லைப்போமா. கொழுப்புத் திசுவே திரண்டது. மெத்தென்று இருக்கும், ஓரத்தில் விரல் வைத்து அழுத்தினால் வழுக்கி நகரும், மேலே இருக்கும் தோலைத் தனியாகக் கிள்ளித் தூக்கலாம். மற்றது எபிடெர்மாய்டு சிஸ்ட். கட்டியை அசைத்தால் தோலும் கூடவே வரும், பல சமயம் நடுவில் மிளகு நுனி அளவு ஒரு கரும்புள்ளி தெரியும். இதற்குள் கொழுப்பு இல்லை.

டிஸ்சார்ஜ் சீட்டில் இன்றும் செபேசியஸ் சிஸ்ட் என்றே எழுதுகிறார்கள். எண்ணெய்ச் சுரப்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மயிர்க்கால் வாயில் உள்ள மேல்தோல் உள்பக்கமாகத் திரும்பி ஒரு பையாகிவிடுகிறது. வெளித்தோலில் உதிர்கிற செத்த செல்கள் குளிக்கும்போது போய்விடும். பைக்குள் உதிர்வதற்குப் போக்கிடம் கிடையாது. அதுதான் அந்த வெளிர்மஞ்சள் மாவு, அந்த நாற்றம். சரக்கு கெரட்டின், தொழிற்சாலை அந்தப் பை. சரக்கை வெளியேற்றிவிட்டுத் தொழிற்சாலையை விட்டுவைத்தால் மறுபடி நிரம்பத்தான் செய்யும். அந்தக் கேள்விக்குப் பதில் இதுதான், பெரும்பாலும் கேன்சர் அல்ல.

#2 புதுசாவந்தவர்

அப்படின்னா முதல் தடவையே பையோட எடுத்திருக்கலாமே சார்? ஏன் கீறி மட்டும் விடுறாங்க?

#3 தையல்நூல்

சிவந்து வீங்கி வந்தவருக்கு அன்றைக்கே பையை எடுக்க முடியாது. சும்மா இருக்கும் சிஸ்ட்டில் பையின் சுவர் முத்துச்சிப்பி நிறத்தில் பளபளவென்று இருக்கும். சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து கத்தரிக்கோல் நுனியை விரித்து விரித்துப் பிரித்தால் தோலுரித்த நுங்கு மாதிரி முழுசாக வெளியே வரும். ஒரு தடவை வெடித்து வீங்கிய பிறகு அதே சுவர் ஈரக் காகிதம். பிடித்த இடத்தில் கிழியும், ஓரம் எது சதை எது என்று தெரியாது. அன்றைக்குச் சீழை வடித்துவிட்டு, 4 முதல் 6 வாரம் ஆறவிட்டுப் பையை எடுப்பதுதான் முறை.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், வலி நின்றதும் ஆள் திரும்ப வருவதில்லை. கீறிவிட்டவரும் "இது பாதி வேலைதான், மீதி ஆறு வாரம் கழித்து" என்று சொல்லி அனுப்புவதில்லை.

#4 ஓ.டி.சிஸ்டர்

எடுக்குற அன்னிக்கு என்ன நடக்கும்னு கேக்குறவங்களுக்காக:

மரத்துப்போற ஊசி கட்டிக்குள்ள போடுறது இல்ல, சுத்தி. உள்ள போட்டா பை உப்பி, கரும்புள்ளி வழியா மாவும் மருந்தும் சேர்ந்து பீய்ச்சி அடிக்கும். மூஞ்சில கண்ணாடி போடாம பக்கத்துல நிக்காதீங்க. மரத்துப்போற மருந்து லிக்னோகெயினோட உச்ச அளவு, அட்ரினலின் (ரத்தக்குழாயைச் சுருக்குறது) கலக்காததா இருந்தா கிலோவுக்கு 4.5 மி.கி. 60 கிலோ ஆளுக்கு 270 மி.கி. 2 சதவீத மருந்துல ஒரு மி.லி.க்கு 20 மி.கி. இருக்கு, அப்போ 13 மி.லி.யோட நிறுத்தணும். சில ஆபரேஷன் தியேட்டர்ல இன்னும் குறைச்சு 3 மி.கி.தான் கணக்கு. முதுகுல நாலஞ்சு கட்டி ஒரே நாள்ல எடுங்கன்னு கேக்குறப்போ இந்தக் கணக்குதான் இடிக்கும். எரிச்சல் குறையணும்னா 10 மி.லி. மருந்துக்கு 1 மி.லி. 8.4 சதவீத சோடா பைகார்ப் கலக்கலாம்.

கரும்புள்ளியைச் சேர்த்து இலை வடிவத்துல வெட்டுவாங்க, நீளம் அகலத்தைப்போல மூணு மடங்கு. அந்தப் புள்ளியைத் தோல்லயே விட்டுட்டா பையோட வாய் உள்ளேயே நின்னுடும். தலையில அட்ரினலின் கலந்த மருந்துதான், போட்டு 10 நிமிஷம் பொறுத்தா ரத்தம் நல்லாக் குறையும்.

தையல் பிரிக்குறது: மூஞ்சி 5 முதல் 7 நாள், தலை 7 முதல் 10, முதுகு 10 முதல் 14. முதுகுத் தையலை ஏழாம் நாள் பிரிச்சுட்டு எட்டாம் நாள் தண்ணிக் குடம் தூக்குனா விரியும். முதுகுத் தழும்பு எப்படித் தைச்சாலும் கொஞ்சம் அகலமாத்தான் ஆகும், முன்னாடியே சொல்லிடணும்.

#5 நுண்ணோக்கி

சிஸ்டர் தலையைப் பற்றிச் சொன்னதால் ஒரு சேர்ப்பு. உச்சந்தலையில் வருவது பெரும்பாலும் எபிடெர்மாய்டு அல்ல, பைலார் சிஸ்ட். மயிர்க்காலின் இன்னும் ஆழமான உறையிலிருந்து வருவது. கரும்புள்ளி இருக்காது, சுவர் தடிமன், ஒரே வீட்டில் அப்பா, அத்தை, மகன் என்று வரிசையாக இருக்கும். சுவர் தடிமனாக இருப்பதால் உடையாமல் கோலிக்குண்டு மாதிரி வந்துவிடும். அறுவையாளர்களுக்குப் பிடித்த கட்டி.

இளம் வயதிலேயே உடம்பில் பல இடங்களில், வழக்கமில்லாத கை கால்களில்கூட எபிடெர்மாய்டு சிஸ்ட்கள் வந்து, தாடை எலும்பிலும் முண்டு இருந்தால் குடலைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கார்ட்னர் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறில் பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப்புகள் இருக்கும், அவைதான் பிறகு புற்றாகும். தோல் கட்டி அங்கே ஒரு முன்னறிவிப்பு மட்டும்.

#6 புதுசாவந்தவர்

சிவந்து வலிக்கிறப்போ ஆன்டிபயாட்டிக் அஞ்சு நாள் போட்டா அமுங்கிடுதே? அப்புறம் எதுக்குக் கத்தி?

#7 மருந்துக்கடைப்பலகை

அமுங்குவது பாதி நேரம் மாத்திரையால் அல்ல, தானாகவே. சிஸ்ட் சிவப்பதற்கு முக்கியக் காரணம் கிருமி இல்லை. பிதுக்கும்போதோ, நாற்காலி முதுகில் உரசும்போதோ சுவர் உள்ளுக்குள் கிழிகிறது. கெரட்டின் சதைக்குள் கொட்டுகிறது. உடம்புக்கு அது முள் ஏறிய மாதிரி அந்நியப் பொருள், படை திரட்டிக்கொண்டு வரும். அப்படி வடியும் சீழைக் கல்ச்சர் போட்டால் பல சமயம் ஒன்றும் வளராது, வளர்ந்தாலும் சாதாரணத் தோல் கிருமிகள்தான். கட்டியைத் தாண்டி சிவப்பு பரவுகிறது, காய்ச்சல், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை என்றால் மட்டும் மாத்திரைக்கு நியாயம் உண்டு. சீழ் குழைந்து நின்றுவிட்டால் எந்த மாத்திரையும் உள்ளே போய்ச் சேராது, வடிக்கத்தான் வேண்டும்.

சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. பிடரியிலோ முதுகிலோ கட்டி, ஒரு வாய்க்குப் பதிலாகச் சல்லடை மாதிரி நாலைந்து வாய் திறந்து சீழ் கசிகிறது என்றால் அது சிஸ்ட்டே இல்லை, ராஜப்பிளவை. அதற்கு மருத்துவமனைக் கட்டில் வேண்டும், ஆறு வாரம் காத்திருக்கும் கணக்கு அதற்குப் பொருந்தாது.

சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் போடுவது பற்றி யாராவது கேட்பதற்குமுன் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பு காரம், தோலை வேக வைக்கும். மேலே புண்ணாகி வாய் திறப்பதால் "பழுத்து உடைந்தது" என்று தோன்றும். உடைந்தது தோல், பை அப்படியே உள்ளே. அதோடு அந்த வெந்த தோல் வழியாகத்தான் பிறகு வெட்ட வேண்டும்.

#8 ஓ.டி.சிஸ்டர்

வடிச்ச குழியில காஸ் துணியை இறுக்கித் திணிக்குறதும் அதே ரகம்தான். 5 செ.மீ.க்குக் குறைஞ்ச குழிக்குப் பெரும்பாலும் தேவையே இல்ல. சலைன்ல நல்லாக் கழுவி, மேல காஞ்ச காஸ் வச்சா போதும். தினமும் திரியை உருவி மறுபடி அடைக்குறது வலியைத்தான் கூட்டும்.

#9 மகப்பேறுவார்டு

தையல்நூல் சார், பையை எடு, பையை எடு என்பதையே எல்லா இடத்துக்கும் விதி ஆக்கிவிடாதீர்கள். பார்த்தோலின் சிஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணுறுப்பு வாயில், கடிகாரத்தில் 4 மணி, 8 மணி இருக்கும் இடத்தில் இரண்டு சுரப்பிகள். குழாய் அடைத்தால் நீர் தேங்கி வீங்கும். அங்கே பையை முழுசாக உரிக்கப் போனால் ரத்தம் அடக்க முடியாமல் வரும், ஈரம் தரும் சுரப்பியும் போய்விடும். அங்கே தேவை புது வாய். உள்பக்கச் சளிப்படலத்தில் 5 மி.மீ. கீறி, வேர்ட் கதீட்டர் என்ற குட்டிக் குழாயை விட்டு, நுனி பலூனில் 2 அல்லது 3 மி.லி. சலைன் ஏற்றி, 4 முதல் 6 வாரம் அப்படியே வைத்தால் துளையைச் சுற்றித் தோல் வளர்ந்து நிரந்தர வழியாகிவிடும். அது கிடைக்காத இடத்தில் பையின் ஓரத்தைத் தோல் ஓரத்தோடு வட்டமாகத் தைத்துவிடுவார்கள். மார்சுபியலைசேஷன் என்று பெயர், கங்காருவின் வயிற்றுப் பையை நினைத்து வைத்த பெயர்தான்.

வெறுமனே கீறிவிட்டால் மட்டும் உங்கள் விதி இங்கும் செல்லும். கீறல் இரண்டே நாளில் ஒட்டிக்கொள்ளும், கட்டி திரும்பும். 40 வயதுக்கு மேல் புதிதாக வந்தால் சதைப் பரிசோதனை இல்லாமல் விடக்கூடாது.

#10 தையல்நூல்

ஒப்புக்கொள்கிறேன். தோல் கட்டிக்கு மட்டும் என்று முதல் பதிவிலேயே போட்டிருக்க வேண்டும். கேங்க்லியானும் அந்த விதியில் சேராது. மணிக்கட்டின் மேல்புறத்தில் வரும் அந்தக் குண்டுக்குத் தோல் மாதிரிச் செல்களால் ஆன (எபிதீலிய) சுவரே கிடையாது. மூட்டிலிருந்து ஒரு காம்பு வழியாக ஜெல்லி மாதிரி திரவம் வந்து தேங்குகிறது. இருட்டில் டார்ச் அடித்தால் சிவப்பாக ஒளி ஊடுருவும், திடக்கட்டி என்றால் ஊடுருவாது. ஊசியால் உறிஞ்சினால் பாதிக்கு மேல் திரும்ப வரும், காம்பு மூட்டில் கிடப்பதால். வலியில்லாவிட்டால் விட்டுவிடலாம், நிறையப் பேருக்குத் தானாகவே கரையும். கனமான புத்தகத்தால் ஓங்கி அடித்து உடைக்கும் பழைய வைத்தியத்தில் எலும்பு நொறுங்கலாம். உள்ளங்கைப் பக்கம், கட்டைவிரல் ஓரமாக இருந்தால் கண்டபடி ஊசி குத்தக்கூடாது. நாடி பார்க்கும் தமனி அதன்மேல் ஒட்டிக்கொண்டு ஓடும்.

#11 கேள்விமேல்கேள்வி

ஸ்கேன் ரிப்போர்ட்ல "இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டிகள்"னு போட்டு, ஆபரேஷன் பண்ணி எடுத்தா சரியாயிடுமான்னு தினமும் யாராவது கேக்குறாங்க. அதுவும் இந்த இழையில வருமா?

#12 ஸ்கேன்மேஜை

வரும், வரவேண்டும். தமிழில் நீர்க்கட்டி என்ற ஒரே சொல்லுக்குள் நேரெதிரான இரண்டைப் போட்டு அடைத்திருக்கிறோம்.

பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறில் தெரிபவை கட்டிகளே அல்ல. 2 முதல் 9 மி.மீ. அளவில் வளர்ச்சி பாதியில் நின்ற முட்டைப்பைகள், அதாவது ஃபாலிக்கிள்கள். 2003 ராட்டர்டாம் வரையறையில் ஒரு சினைப்பைக்கு 12 இருந்தால் போதும் என்றார்கள். மெஷின்கள் தெளிவானதும் எல்லாருக்கும் 12 தெரிய ஆரம்பித்தது. 2018 சர்வதேச வழிகாட்டுதலில் 20 ஆகிவிட்டது, 2023இலும் அதுவே. இவற்றைக் குத்தி எடுக்க ஒன்றுமில்லை. கோளாறு ஹார்மோனில், சிகிச்சையும் அங்கேதான்.

உண்மையான சினைப்பைக் கட்டி வேறு. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு, மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர் மட்டும், 5 செ.மீ.க்குள் என்றால் அது பெரும்பாலும் அந்த மாத முட்டைப்பை வெடிக்காமல் நின்றது. மூன்று மாதவிடாய்ச் சுழற்சிக்குள் போய்விடும். கருத்தடை மாத்திரை கொடுத்தால் சீக்கிரம் கரையும் என்பது நம்பிக்கை மட்டுமே, கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒரே வேகம்தான். 5 முதல் 7 செ.மீ. வருஷத்துக்கு ஒரு ஸ்கேன். 7க்கு மேல் எம்.ஆர்.ஐ. அல்லது அறுவை. மாதவிடாய் நின்றவருக்கு இந்தக் கணக்கு செல்லாது, சினைப்பைப் புற்றில் ஏறும் சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனையும் சேர்த்துத்தான் முடிவு. அதே சி.ஏ. 125 இளம் பெண்ணுக்கு மாதவிடாய் நாளில் எடுத்தாலே ஏறி நிற்கும், கருப்பை உள்படலம் கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸிலும் ஏறும். வீணாக எடுத்து வீணாகப் பயப்படுவார்கள்.

காத்திருக்கவே கூடாத நிலை முறுக்கு, அதாவது சினைப்பை தன் காம்பில் திருகிக்கொள்வது. திடீரென்று ஒரு பக்க அடிவயிற்றில் பிடுங்கும் வலி, கூடவே வாந்தி. டாப்ளரில் ரத்த ஓட்டம் தெரிகிறதே என்று சமாதானம் ஆகக்கூடாது, ஓட்டம் தெரிந்தும் முறுக்கி இருப்பதுண்டு. மணிக்கணக்கில் சினைப்பை செத்துவிடும்.

#13 மகப்பேறுவார்டு

சாக்லேட் சிஸ்ட்டை இங்கே சேர்க்கிறேன், ஏனென்றால் பை விவாதம் மிகவும் சிக்கலாவது அங்கேதான். எண்டோமெட்ரியோமா என்பது சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய பை. உறிஞ்சி மட்டும் விட்டால் திரும்ப வரும். சுவரை உரித்து எடுத்தால் திரும்புவது குறையும், ஆனால் அந்தச் சுவரோடு ஒட்டியிருக்கும் நல்ல முட்டைகளும் சேர்ந்து வந்துவிடும், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். என்ற ரத்த அளவு இறங்கும். குழந்தை வேண்டும் என்பவருக்கு, அதுவும் இரண்டு பக்கமும் இருந்தால், எடுப்பதா விடுவதா என்பதை ஏ.எம்.எச். பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். "கட்டி இருக்கிறது, எடுத்துவிடுவோம்" என்று ஒரே வரியில் முடிவெடுப்பது இங்கே பெருந்தப்பு.

டெர்மாய்டு என்ற சினைப்பைக் கட்டி நேர்மாறு. மயிர், கொழுப்பு, சமயத்தில் பல்கூட இருக்கும். அது தானாகக் கரையாது. லேப்ராஸ்கோப்பியில் எடுக்கும்போது வயிற்றுக்குள் உடைந்தால் அந்தக் கொழுப்பு குடல்மேல் பட்டு அழற்சியைக் கிளப்பும். அதனால் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத்தான் வெளியே இழுப்பார்கள், கொட்டினால் லிட்டர் கணக்கில் வெதுவெதுப்பான சலைன் ஊற்றிக் கழுவ வேண்டும்.

#14 ஸ்கேன்மேஜை

சிறுநீரகத்தையும் சொல்லி முடித்துவிடுகிறேன். ஐம்பது தாண்டியவர்களுக்கு வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் "கிட்னியில் சிஸ்ட்" என்று வருவது நரைமுடி மாதிரி. ரேடியாலஜிஸ்ட் போஸ்னியாக் புற்றுச் சந்தேகத்தை வைத்து 1986இல் வகுத்த பிரிவில் அது முதல் வகை என்றால் தொடர் ஸ்கேன்கூட வேண்டாம். இரண்டு எஃப் என்று போட்டிருந்தால் 6 மாதம், 12 மாதம், பிறகு வருஷா வருஷம் என்று 5 ஆண்டு பார்க்க வேண்டும். மூன்று, நான்கு என்றால் யூராலஜிஸ்ட். பெரிதாகி வலித்தால் ஊசியால் உறிஞ்சலாம், ஆனால் உள்சுவர் மறுபடி நீர் சுரக்கும். ஆகவே உறிஞ்சியபின் 95 சதவீத ஆல்கஹால் விட்டு அந்தச் சுவரைச் சாகடித்து வெளியே எடுப்பார்கள். தையல்நூலின் விதிக்கு இது ஆதரவுதான், கத்தி இல்லாமல். இரண்டு சிறுநீரகமும் முழுக்கப் பைகள், குடும்பத்தில் டயாலிசிஸ் என்றால் அது பரம்பரை நோய், இந்தக் கணக்கில் சேராது.

கல்லீரல் சிஸ்ட் என்றால் மட்டும் ஊசி எடுக்குமுன் ஒரு கேள்வி: ஹைடாடிட் இல்லையே? ஆடும் நாயும் சேர்ந்து வளரும் இடங்களில் நாய்க் கழிவு வழியாக வரும் நாடாப்புழுவின் பை அது. தெரியாமல் குத்தினால் உள்நீர் கசிந்து நிமிடத்தில் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழலாம். தப்பித்தாலும் சிதறிய புழுத்தலைகள் வயிறு முழுக்கப் புதுப் பைகளாக முளைக்கும். அல்பெண்டசோல் 400 மி.கி. இருவேளை, கொழுப்புள்ள சாப்பாட்டோடு (அப்போதுதான் ரத்தத்தில் ஏறும்), இடையிடையே கல்லீரல் பரிசோதனை. ஏற்ற வகைப் பை என்றால் அந்த மருந்தின் பாதுகாப்போடு, துளைத்து, உறிஞ்சி, புழுவைக் கொல்லும் உப்புநீரை விட்டு, மறுபடி உறிஞ்சும் முறை உண்டு. பித்தக்குழாயோடு பைக்குத் தொடர்பு இருந்தால் அதையும் செய்யக்கூடாது, அந்த உப்புநீர் குழாயைப் புண்ணாக்கிச் சுருக்கிவிடும்.

#15 காதுமூக்குக்காரர்

கழுத்து விடுபட்டுப் போச்சு. குழந்தைக்குக் கழுத்தின் நடுவில் கட்டி, நாக்கை நீட்டச் சொன்னால் மேலே ஏறுகிறது என்றால் தைரோகுளாசல் சிஸ்ட். தைராய்டு சுரப்பி கருவில் நாக்கின் அடியிலிருந்து இறங்கி வந்த பாதை மூடாமல் நின்றது. இங்கே பையை மட்டும் அழகாக எடுத்தாலும் திரும்ப வரும், ஏனென்றால் அந்தப் பாதை நாக்குக்கு அடியில் கழுத்தில் இருக்கும் ஹையாய்டு எலும்பை ஒட்டி மேலே போகிறது. அறுவையாளர் சிஸ்ட்ரங்க் 1920இல் சொன்னபடி எலும்பின் நடுத்துண்டையும், நாக்கின் அடிவரை உள்ள சதைத் தூணையும் சேர்த்தெடுக்க வேண்டும். எலும்பைத் தொடாமல் எடுத்த கேஸ்கள்தான் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று வரும். கத்திக்குமுன் கழுத்து அல்ட்ராசவுண்டில் தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் தொடக்கூடாது. சில குழந்தைகளுக்கு அந்தக் கட்டியே மொத்தத் தைராய்டு.

குழந்தையின் மூக்கு மேட்டில் நட்டநடுவில் ஒரு குழி, அதில் ஒற்றை மயிர் நீட்டிக்கொண்டிருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கும்வரை பிதுக்கக்கூட வேண்டாம். அந்தப் பாதை மண்டையோட்டுக்குள் போயிருக்கலாம்.

#16 புதுசாவந்தவர்

எடுத்த கட்டியை "சாதாரணக் கட்டிதான், டெஸ்ட் வேண்டாம்"னு குப்பையில போட்டுடுறாங்களே, அது சரியா? இல்ல நாமே லேபுக்குக் கொண்டு போகலாமா?

#17 நுண்ணோக்கி

எபிடெர்மாய்டு சுவரில் புற்று வருவது மிக அரிது. பார்வைக்கு வழக்கமான கட்டி, வழக்கமான மாவு என்றால் அனுப்பாமல் விடுபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேகமாக வளர்ந்தது, உள்ளே கெட்டியாக இருந்தது, எடுத்தபின் இரண்டாம் முறை வந்தது, ஆறாத புண்ணோடு இருந்தது, இவை எல்லாம் கட்டாயம் வர வேண்டும்.

கொண்டுவருவதற்கு: 10 சதவீத ஃபார்மலின், சதையின் அளவைப்போல 10 மடங்கு. சலைனில் போட்டு மறுநாள் கொண்டுவந்தால் அழுகிய சதையைத்தான் நான் பார்ப்பேன். பெயர், வலதா இடதா, எந்த இடம் என்பதை மூடியில் எழுதாமல் பாட்டில் உடம்பில் எழுதுங்கள், மூடி மாறிப்போகும். பாட்டில் வாய் அகலமாக இருக்கட்டும். குறுகின வாயில் கட்டியை அமுக்கித் திணித்தால் போகும்போது மெத்தென்று போய்விடும். ஃபார்மலினில் ஊறி விறைத்தபிறகு வெளியே வராது, பாட்டிலைத்தான் உடைக்க வேண்டிவரும்.